ரோசரியின் பலகையும் ஸ்டானிஸ்லாஸின் கிட்டாரும்

ஸ்டானிஸ்லாஸ் இடது கைக்காரர். அதை மறைப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தை வேறு எதற்காவது எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்ல உத்தியோகத்துக்குப் போயிருப்பார் என்று அவர் மனைவி பெட்ரீசியா சொல்லுவாள். கடையில் எதையும் வலது கையால்தான் கொடுப்பார், வாங்குவார். கல்யாண வீட்டில் வலது கையால்தான் சாப்பிடுவார். பாதிச் சோறு இலைக்கும் வாய்க்கும் நடுவில் விழும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால் பேனா வலது கைக்கு மாறிவிடும். எழுத்து கோணிக்கொள்ளும்.

கிட்டாரை மட்டும் அவரால் வலது கையால் வாசிக்க முடியவில்லை.

நான் அப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் உதவித் தாதியாக இருந்தேன். அந்த ஊரின் புந்தோங் பகுதியில் அவர்களுக்கும் எங்களுக்கும் அடுத்தடுத்த வீடு, பின்னால் ஒரே சிமெண்டு முற்றம். அதற்கு முன்பும் பழக்கம்தான். கோலா கங்சார் பக்கம் மணிக்கூண்டுத் தோட்டம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், வளர்ந்தவர்கள். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா லூர்துசாமி, பிள்ளையின் இடது கையைச் சாக்குக் கயிற்றால் இடுப்போடு கட்டிவிட்டுத்தான் சோற்றுத் தட்டை முன்னால் வைப்பார். எந்தக் கையில் வேலை செய்வது என்பது மூளையின் ஏற்பாடு, கட்டி வைத்தால் மாறாது என்று பிற்காலத்தில் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை லூர்துசாமிக்குச் சொல்ல அன்று தோட்டத்தில் யாரும் இல்லை. பிள்ளைக்கு வலது கை பழகவில்லை, வெட்கம்தான் பழகியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்துச் சனம் தைப்பிங், ஈப்போ என்று சிதறியது. ஸ்டானிஸ்லாஸ் ஈப்போவுக்கு வந்து, மாதா கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்து கிட்டார் வாசிக்க ஆரம்பித்தார். யாரோ வாசித்துப் போட்ட பழைய கிட்டார். வலது கைக்காரர்களுக்குச் செய்தது. அவர் கம்பிகளைக் கழற்றி, வரிசையை மாற்றிக் கட்டி, கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். வாசிப்பில் குறை சொல்ல முடியாது.

குறை மரத்தில் இருந்தது. கிட்டாரின் ஓட்டைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள். கம்பியை மீட்டும்போது நகமும் மீட்டுகிற சில்லும் மரத்தைக் கீறாமல் இருக்க அது. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தால் அந்தத் தகடு மேலே போய்விடும், அங்கே அதற்கு வேலை இல்லை. கீழே வெறும் மரம். சில வருடங்களில் அந்த இடத்தில் வார்னிஷ் போய், மரம் வெளுத்து, நார் நாராகக் கிளம்பிவிட்டது.

பாட்டுக் குழுவை நடத்தியவர் நவமணி டீச்சர். நாக்கு நீளம்.

"ஸ்டானிஸ், இந்தப் பலகையில மீன் ஆஞ்சீங்களா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

குழுவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி, "பீச்சாங்கைல வாசிச்சா அப்படித்தான் லா டீச்சர்," என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு.

அன்று முதல் அவர் கிட்டாரின் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டுதான் கோயிலுக்குள் நுழைவார். கிறிஸ்துமஸுக்குள் ஒரு தகடு செய்து போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அது 1978. மரத்தை மறைத்தால் மட்டும் அவருக்குப் போதாது. பார்க்கிறவர்கள் அந்தக் கிட்டாரை இடது கைக்கென்றே செய்தது என்று நினைக்க வேண்டும். ஈப்போவில் பாட்டுச் சாமான் விற்கும் கடையின் கண்ணாடிக்குள் அவர் ஒரு கிட்டாரைப் பார்த்து வைத்திருந்தார். அதில் கறுப்புத் தகடு, ஓரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. கோடு வரைந்ததல்ல. கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று அடுக்காக வரும் பிளாஸ்டிக்கில் ஓரத்தைச் சாய்த்துத் தேய்த்தால் நடு அடுக்கு தானாக வெளியே தெரியும்.

திருகாணியும் பசையுமாகப் பிடித்திருந்த பழைய தகட்டைக் கழற்றி இடம் மாற்றலாமென்று முதலில் பார்த்தார். வடிவம் எதிர்ப்பக்கமாக இருந்தது. திருப்பிப் போட்டால் பசைக் கறையோடு உட்பக்கம் மேலே வந்தது. போதாததற்குக் கழற்றும்போது ஓரத்தில் உடைந்தும் விட்டது. கடைகளில் விளம்பரப் பலகைக்கு விற்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே நிறம். மூன்று அடுக்குப் பலகை எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அது எங்கே என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் ஒரு மணி இருந்தது. ரோசரி என்ற பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் இறக்கும், பெண் வாங்கிக் கொடுத்தது. ரோசரியின் புருஷன் பிச்சைமுத்து கள்ளுக்கடையே கதி என்று கிடந்து செத்தவர். அவர் செத்தபின் ரோசரி மரம் வெட்டியும் புல் வெட்டியும் சேர்த்து அந்த மணியை வாங்கினார். நம் ஆட்கள் குழல் விளக்கு கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று பெயரெழுதி வெளிச்சத்தில் பாதியை மறைப்பவர்கள் ஆயிற்றே. மணிக்கும் பலகை வைத்தார்கள். கறுப்புப் பலகையில் செதுக்கினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும், அப்படிப்பட்ட மூன்று அடுக்குப் பலகை. மேலே 'இந்த மணி' என்று ஒரு வரி, நடுவில் பெரிய எழுத்தில் 'பிச்சைமுத்து நினைவாக', கீழே சின்ன எழுத்தில் 'மனைவி ரோசரி உபயம்'. ஒரு பாடப் புத்தகத்தை விரித்து வைத்த அகலம். மணியைவிடப் பலகை பெரிது என்று லயத்தில் சிரித்தார்கள்.

தோட்டம் போனபோது கோயிலும் போனது. மணியை லாரியில் ஏற்றும்போது விழுந்து விரிசல் கண்டு, பழைய பித்தளையோடு போய்விட்டது. பலகையை மட்டும் யாரோ ஈப்போக் கோயிலின் சாமான் அறையில் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். பாட்டுக் குழுவின் புத்தகத் தாங்கிகளும் அந்த அறையில்தான் இருந்தன. அதனால் சாவி ஸ்டானிஸ்லாஸிடம் இருந்தது.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மணி இல்லாத பலகைக்கு என்ன வேலை என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். நல்ல கேள்விதான். ஆனால் அதை ரோசரியிடம் கேட்டிருக்க வேண்டும். ரோசரி உயிரோடு, எங்கள் தெருவின் மறு முனையில் இருந்தார்.

வேலை செய்யும் முறையில் ஸ்டானிஸ்லாஸ் பொறுமைசாலி. கிட்டாரின் மேல் காகிதத்தை வைத்து, ஓட்டையின் வளைவையும் கீழ்ப்பக்கத்து வளைவையும் பென்சிலால் தேய்த்து எடுத்தார். தகட்டின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, கிட்டாரில் வைத்துப் பார்த்து, திருத்தி, கடைசியில் பலகையளவு முழுத் தாளில் மறுபடி வரைந்தார். அந்தக் காகிதத்தைப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டிய கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டினால் வடிவம் தவறாது.

பலகைக்கு இரண்டு முகம். ஒன்று பெயர் செதுக்கியது, மற்றது வெறும் கறுப்பு. பெயர் கிட்டாரின் மரத்தைப் பார்த்து உள்ளே போய்விட வேண்டும், வெறும் கறுப்பு வெளியே தெரிய வேண்டும் என்பது அவர் திட்டம். அப்படியென்றால் காகிதத்தை வெறும் கறுப்பு முகத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் முற்றம் பொது முற்றம். யாரும் வருவார்கள், போவார்கள். பலகையைக் கவிழ்த்து வைத்தாலும் கையில் எடுத்து, "என்னா இது?" என்று திருப்பிப் பார்க்கும் சனம். பெயர் கண்ணில் படக் கூடாது என்ற ஒரே நினைப்பில் அவர் சோற்றுக் கஞ்சியைக் காய்ச்சி, காகிதத்தைப் பெயரின் மேலேயே ஒட்டினார். பெயர் மறைந்தது. அவருக்கு நிம்மதி. வேறு எதையும் யோசிக்கவில்லை.

ரோசரிக்கு அப்போது சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். வேலை முடிந்து வரும் வழியில் நான் போய்க் கட்டு மாற்றிவிடுவேன். ஒருநாள் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"மங்களம், கோயில் ஸ்டோர் சாவி அந்தத் தனிசுகிட்டதானே இருக்கு?"

ஸ்டானிஸ்லாஸைத் தோட்டத்துக் கிழடுகள் எல்லோரும் தனிசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆமா."

"எம் பலகை அங்க கெடக்கும். எடுத்தாரச் சொல்லு லா. நான் போனா தலமாட்டுல நட்டு வச்சிருங்க. எனக்குக் கல்லு வைக்கப் பிள்ளையா இருக்கு?"

"கால ஆட்டாதீங்க. சொல்றேன்."

வீட்டுக்கு வந்தபோது ஸ்டானிஸ்லாஸ் முற்றத்தில் வேலையாக இருந்தார். ஒரு ஸ்டூலில் பலகையைத் துணி போட்டு இறுக்கி, கம்பி போன்ற மெல்லிய ரம்பத்தால் வளைவை வெட்டிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்கை வேகமாக அறுத்தால் சூட்டில் இளகி, அறுத்த வாயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் மெழுகுவர்த்தியை ரம்பத்தில் தேய்த்துத் தேய்த்து மெதுவாக இழுத்தார். பாதி வெட்டியிருந்தார். காகிதம் ஒட்டிய ஏதோ பலகை என்றுதான் நான் நினைத்தேன்.

"தம்பி, ரோசரியம்மா பலகை கேக்கிறாங்க."

"எந்தப் பலகை?"

"மணிப் பலகை லா. ஸ்டோர்ல இருக்காம். செத்தா தலமாட்டுல வைக்கணுமாம்."

ரம்பம் நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"தேடிப் பாக்கிறேன் அக்கா," என்றார்.

நான் உள்ளே போய்க் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பதற்குள் பின்வாசலில் வந்து நின்றார். வலது கைப் பெருவிரலில் ரம்பம் இறங்கியிருந்தது. கழுவினேன், அழுத்திப் பிடித்தேன், கட்டினேன். ஆழமான காயமில்லை. ஆனால் ஆளுக்கு முகம் வெளுத்து, வியர்வை கொட்டியது. இரத்தம் பார்த்து மயங்குகிறவர் என்று நினைத்து உட்கார வைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்தேன்.

பாதி வெட்டிய பலகையைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது, ஆகவே மீதியையும் வெட்டிவிட்டதாகப் பின்னால் சொன்னார். அங்கேயே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, வெட்டிய இடத்தை ஒட்டிக் கொடுத்திருக்கலாமே என்றேன். "அது அப்போ தோணல அக்கா," என்றார். மறுநாள் ரோசரியை வழியில் பார்த்து, "ஸ்டோர்ல ஒரே சாமானா இருக்கு பெரியம்மா, கிறிஸ்துமஸ் முடியட்டும்," என்றும் சொல்லியிருக்கிறார். ரோசரி நம்பினார்.

வெட்டி முடித்தார். அரத்தால் ஓரத்தைச் சாய்த்து ராவினார். வெள்ளைக் கோடு தெரிந்தது. மணல்தாளில் சொரசொரப்பானதில் ஆரம்பித்து மென்மையானது வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். கோடு ஒரே அளவாக, நூல் பிடித்தது போல் சுற்றி வந்தது. கையால் சுற்றும் டிரில்லால் மூன்று திருகாணித் துளை போட்டார். பெட்ரீசியாவே, "கடை சாமான் மாதிரி இருக்கு," என்றாள். அதற்குப் பிறகுதான் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தார்.

வெறும் கறுப்பு முகத்தை மேலே வைத்துக் கிட்டாரில் பொருத்தினார். பொருந்தவில்லை. ஓட்டையின் வளைவு ஒரு பக்கம் போனது, தகட்டின் வளைவு மறுபக்கம் போனது. திருப்பினார். கச்சிதமாக உட்கார்ந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் 'பிச்சைமுத்து நினைவாக' என்று இருந்தது.

காகிதம் எந்த முகத்தில் ஒட்டியிருந்ததோ அந்த முகம்தான் மேலே வரும். வெறும் முகம் மேலே வர வேண்டுமென்றால் கிட்டாரை வலது கையால் வாசிக்க வேண்டும். முற்றத்தில் அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். வலது கைக்குச் செய்த கிட்டாரை இத்தனை வருடம் தலைகீழாகப் பிடித்த மனிதருக்கு இது புரியாமலா இருக்கும். பெயரை மறைக்கிற அவசரத்தில் புரியவில்லை.

மேலே இருந்த 'இந்த மணி' அறுத்த துணுக்குகளோடு போய்விட்டது. கீழே இருந்த 'மனைவி ரோசரி உபயம்' வடிவத்துக்குள் வரவில்லை. அது மீந்த துண்டில் போயிருந்தது. அடுப்பில் போட எடுத்துப் போனார், போட முடியவில்லை. ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார்.

வேறு பலகை தேட நாளில்லை. கறுப்பு ஷூ பாலிஷையும் மெழுகையும் சேர்த்து உருக்கி, எழுத்துப் பள்ளங்களில் ஊற்றிச் சீவிவிட்டு, பித்தளை துலக்கும் பாலிஷால் மினுக்கினார். ஒரே கறுப்பாக ஆனது. ஒத்திகைக்குக் கொண்டுபோனார். நவமணி டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புதுசா? எங்க வாங்கினீங்க?" என்றார்.

"நானே செஞ்சேன் டீச்சர்."

"இந்தக் கையாலயா?"

அந்தக் கையை ஒருவர் பாராட்டியது அவருக்கு அதுதான் முதல் முறை. அந்த நிமிடம் நன்றாகத்தான் இருந்தது என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாராம்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு ரோசரியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் புண் காலோடு அந்த அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது. காலை நீட்ட வசதியாக முன் வரிசையில் உட்காரவைத்தேன். பாட்டுக் குழு எங்களுக்கு எதிரே, பக்கவாட்டில் நின்றது. ஸ்டானிஸ்லாஸ் முழுக்கை வெள்ளைச் சட்டையில் இருந்தார். கூட்டம் நெரிசல், மின்விசிறிக் காற்று யாருக்கும் எட்டவில்லை.

கை ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் விரல்கள் தகட்டில் உரசின. வியர்வையும் சூடும் சேர்ந்து பாலிஷை இளக்கின. முதலில் விரல் நுனி கறுத்தது. பிறகு சட்டையின் கைப்பட்டி. அடுத்த பாட்டில் தகட்டின் நடுவில் வெள்ளைக் கீற்றுகள் தெரிய ஆரம்பித்தன. அவருக்குத் தெரியவில்லை, அவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோசரி எழுத்துக் கூட்டிப் படிப்பவர். வாய்விட்டுத்தான் படிப்பார். பாட்டு முடிந்து சாமியார் நாற்காலியில் உட்கார, கோயில் அமைதியானது.

"பி... ச்... சை..." என்றார் ரோசரி.

"சத்தம் போடாதீங்க," என்றேன்.

"முத்து," என்று முடித்தார்.

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். கறுத்த கையால் எழுத்தை மூடினார். பிறகு கிட்டாரை அணைத்துத் திருப்பிக்கொண்டார். மீதிப் பாட்டுகளுக்குக் கிட்டார் சத்தம் கேட்கவில்லை. நவமணி டீச்சர் குரலாலேயே இழுத்துக்கொண்டு போய் முடித்தார்.

பூசை முடிந்ததும் அவர் பின்வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். ரோசரி விடவில்லை.

"தனிசு, இங்க வா."

வந்தார். நாலு பேர் நின்று பார்த்தார்கள்.

"திருப்பு."

கிட்டாரைத் திருப்பினார்.

"எம் பலகைதானே?"

"ஆமா பெரியம்மா."

ரோசரி குனிந்து, தகட்டின் மேலும் கீழும் விரலால் தடவிப் பார்த்தார். திருட்டைப் பற்றிக் கேட்பார், அழுவார், சாமியாரிடம் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"எம்பேரு எங்கடா?" என்றார்.

 

"வீட்ல இருக்கு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"வீட்ல எங்க?"

"பிஸ்கட் டின்னுல."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். ரோசரி சிரிக்கவில்லை.

"கள்ளுக்கடையில விழுந்து கெடந்த ஆளு பேர நெஞ்சுல வச்சு வாசிக்கிற. மரம் வெட்டுன எம்பேர டின்னுல போட்டியா? ஒனக்கு அவன் என்னா செஞ்சான்?"

ரோசரி தகட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"அந்தப் பேர அங்க நானா வச்சேன்? பொம்பள பேருல மணி வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்கடா. செத்தவன் பேர மேல போட்டாத்தான் எம்பேர கீழ போடுவோம்னாங்க. ஒங்கப்பன் லூர்துசாமிதான் சொன்னான், கேட்டுப் பாரு. அவனும் செத்துட்டான். ஒருத்தன் எழுத்தச் சின்னதாக்கினான், ஒருத்தன் வெட்டியே போட்டுட்டான்."

ஸ்டானிஸ்லாஸ் கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய், சுவரைப் பார்த்து நின்றார். கறுத்த கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துச் சட்டை முன்பக்கம் முழுவதும் கறையாகிவிட்டது. நான் போய், "வா தம்பி, வீட்டுக்குப் போலாம்," என்றேன். "எல்லாரும் போகட்டும் அக்கா," என்றார். வெயில் ஏறியது. ரோசரியின் காலுக்கு அது ஆகாது என்று நான் கிட்டாரை அவர் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்டானிஸ்லாஸ் பிஸ்கட் டின்னோடு ரோசரி வீட்டு வாசலில் வந்து நின்றார். இன்னொரு கையில் கிட்டார். தோளில் தொங்கிய பையில் ரம்பம், அரம், மணல்தாள்.

"எடுத்துக்கங்க பெரியம்மா. தலமாட்டுல வைக்க நான் புதுசா ஒண்ணு..."

"புதுசு யாருக்கு வேணும். அத எடு."

டின்னைத் திறந்தார். ரோசரி துண்டை வாங்கிப் பார்த்தார். வெட்டிய ஓரம் கரடுமுரடாக இருந்தது.

"இதையும் அதுல ஒட்டு."

"அதுல எடம் இல்ல பெரியம்மா."

"மேல?" ரோசரி கிட்டாரின் மேல் பாகத்தைக் காட்டினார். பழைய தகடு இருந்த இடம் வெளிறித் தெரிந்தது. மூன்று திருகாணி ஓட்டையை அவர் மெழுகு வைத்து அடைத்திருந்தார்.

"மேல தகடு தேவையில்ல பெரியம்மா. அங்க கை படாது."

"கை படாதுல்ல. அப்ப அழியாது. ஒட்டு."

"எல்லாரும் பாப்பாங்களே," என்றார். கெஞ்சுகிற குரல்.

"மணியவிட பலகை பெரிசுன்னு சிரிச்சாங்க. எனக்கு என்னா கொறஞ்சு போச்சு? நீயும் கொஞ்சம் சிரிப்ப வாங்கிப் பாரு லா."

அந்த வீட்டு மேசையிலேயே வேலையை ஆரம்பித்தார். இந்த முறை எதன் மேலும் காகிதம் ஒட்டவில்லை. பெயரை மேலே பார்த்தபடி வைத்து, எழுத்தைச் சுற்றி நேரடியாகப் பென்சில் கோடு போட்டார். ரோசரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'ம'வுக்குப் பக்கத்தில் ரம்பம் போனபோது, "பாத்து," என்றார். இடது கையால் அறுத்தார், இடது கையால் ராவினார். வலது கைப் பெருவிரலில் நான் போட்ட கட்டு இன்னும் இருந்தது. வலது கைக்கு மாற்றிக்கொள்ள அன்று அவருக்கு வழியும் இல்லை. ஓரத்து வெள்ளைக் கோடு முதல் தகட்டில் வந்ததைவிட நன்றாக வந்தது என்று எனக்கே தெரிந்தது. பழைய ஓட்டைகளிலேயே திருகாணி பிடித்தது.

"சரி, வாசி," என்றார் ரோசரி.

வாசித்தார். பாதியில் நிறுத்தி, "மன்னிச்சிருங்க பெரியம்மா," என்றார்.

"வாசிக்கச் சொன்னேன்," என்றார் ரோசரி. மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்டானிஸ்லாஸ் தொடர்ந்து கோயிலில் வாசித்தார். போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் ரோசரி முன் வரிசையில் உட்கார்ந்து, கிட்டார் வந்ததா என்று பார்ப்பார். ஆகவே போனார். சாமான் அறைச் சாவியை நவமணி டீச்சரிடம் அவராகவே கொடுத்துவிட்டார். கல்யாணங்களுக்கும் அந்தக் கிட்டாரைத்தான் எடுத்துப் போனார். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "யாரு அண்ணே ரோசரி?" என்றால், "நம்ம தோட்டத்து அம்மா," என்று சொல்லிவிட்டுக் கம்பியை முறுக்க ஆரம்பித்துவிடுவார். காது மட்டும் சிவந்துவிடும்.

ரோசரியின் கால் ஆறவில்லை. விரல் எடுத்தார்கள், பிறகு பாதம் எடுத்தார்கள். 1983இல் படுத்த படுக்கையாக இருந்தபோது ஸ்டானிஸ்லாஸ் திருப்புளியோடு வந்து நின்றார்.

"பெரியம்மா, கழட்டி வச்சிருக்கட்டா? தலமாட்டுக்குக் கேட்டீங்களே."

நான் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். ரோசரி சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்க வச்சா லாலாங் புல்லு மூடிக்கும். யாரு வந்து வெட்டப் போறா, நீயா? கெடக்கட்டும் அதுலயே."

அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அடக்கத்தில் ஸ்டானிஸ்லாஸ்தான் வாசித்தார். குழி மூடும் வரை குனிந்த தலை நிமிரவில்லை. கல்லறைக்கு ஒரு மரச் சிலுவை வைத்தோம். அவர் வருடா வருடம் போய் லாலாங் வெட்டினார், அதை யாரிடமும் சொல்லவில்லை. அரிவாளைக் கழுவும்போது நான் பார்த்ததுதான்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துச் சித்தியவானில் பெட்ரீசியாவின் உறவில் ஒரு கல்யாணம். என்னையும் கூட்டிப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இவரை வாசிக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தம்பி, வாய்த் துடுக்கான பையன், கிட்டாரை உற்றுப் பார்த்தான்.

"யாரு அண்ணே இந்த ரோசரி? பழைய ஆளா? அக்கா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, தைரியம்தான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்ரீசியா சேலைத் தலைப்பைப் பார்த்தாள். ஸ்டானிஸ்லாஸ் கம்பியை முறுக்கப் போன கையை எடுத்துவிட்டார்.

"அவங்க பலகைய நான் திருடிட்டேன் தம்பி," என்றார். "திருடி வெட்டினேன். கேட்டப்போ ஸ்டோர்ல தேடணும்னு பொய் சொன்னேன். அதான் அவங்க பேரு."

சிரிப்பு நின்றது. அந்தப் பையன், "தாப்பா லா அண்ணே," என்றான். பரவாயில்லை என்று ஆறுதல் சொல்ல இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான்.

"இல்ல தம்பி," என்றார்.

காது வழக்கம்போலச் சிவந்துதான் இருந்தது. கழுத்து வரைக்கும் சிவந்தது. கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்தார், மார்போடு அணைக்கவில்லை. இடது கையை ஓங்கி வாசிக்க ஆரம்பித்தார். நான் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே ரோசரியின் பெயரைப் படிக்க முடிந்தது.